கச்சான் என்றால் காற்று

திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளியில், என் மாமாவிடம் இரண்டு ஃபைபர் போட்டுகள், அதாவது படகுகள், இருக்கின்றன. சித்திரை வருடப்பிறப்பு முடிந்து கடல் அடங்கியதும் புறாத் தீவுக்கு ஆட்களை ஏற்றத் தொடங்குவார். செப்டெம்பர் வரை ஓய்வில்லை. ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று வந்துவிட்டால் போட்டுகள் இரண்டும் கரையில் கவிழ்ந்து கிடக்கும், மாமா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு வானொலி கேட்பார். கரையில் இருந்து தீவு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். ஆனால் அந்த ஒரு கிலோமீற்றருக்கு ஆள் சேர்க்கிற வேலை இருக்கிறதே, அது போட்டு ஓட்டுவதைவிடக் கஷ்டம். கண்டியில் இருந்து ஒரு வான் நிறைய, கொழும்பில் இருந்து ஒரு புதுமணத் தம்பதி, உப்புவெளியில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் நாலு பேர் என்று எல்லாரும் காலை ஏழு மணிக்குத்தான் போகவேண்டும் என்பார்கள். இதையெல்லாம் மாமா ஒரு சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைபோட்ட குறிப்பேட்டில்) எழுதிவைப்பார். உப்புக்காற்றில் ஊறிப்போன அந்தக் கொப்பியை அவரைத் தவிர மாமி மட்டும்தான் வாசிப்பார்.

போன வருடம் கனடாவில் இருந்து வந்த மச்சான் அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இதுக்கெல்லாம் இப்ப ஏஐ இருக்கு. ஒரு வரி எழுதினா ஆப் வந்து நிற்கும்” என்றான். நான் திருகோணமலை ரவுனில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கோடிங் தெரியாது, எக்செல் தெரியும், அவ்வளவுதான். வீட்டில் கொம்பியூட்டரைத் தட்டுகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

மச்சான் சொன்னதில் பாதி உண்மை. வி0 என்ற கருவி 2023இல் வந்தது. அடுத்த வருடமே போல்ட், ரெப்லிட் ஏஜென்ட், லவபிள் என்று வரிசையாக வந்தன. நமக்கு வேண்டியதைச் சாதாரண வசனத்தில் எழுதினால், அவை கோட் எழுதி, பக்கத்தைக் கட்டி, இணையத்தில் ஏற்றியும் தருகின்றன. 2025 பெப்ரவரியில் ஆந்த்ரே கார்ப்பதி என்ற ஏஐ ஆய்வாளர் இப்படிக் கோடைப் பார்க்காமலே கட்டுவதற்கு ‘வைப் கோடிங்’ என்று பெயர் வைத்தார். அந்த வருடம் முடிவதற்குள் கொலின்ஸ் அகராதி அதை ஆண்டின் சொல்லாகவே அறிவித்துவிட்டது. நான் பாவித்தது எந்தக் கருவி என்று சொல்லப்போவதில்லை. நான் பட்ட பாட்டில் பெரும்பகுதிக்குக் காரணம் நான் எழுதிய வசனங்கள்தான்.

முதல் நாள் எழுதிய புரொம்ப்ட், அதாவது கருவிக்குக் கொடுத்த கட்டளை வசனம், இன்னும் என் போனில் இருக்கிறது: “திருகோணமலையில் புறாத் தீவுக்குப் போட்டு சேவை நடத்துகிறோம். அதற்கு அழகான, நவீனமான, புக்கிங் வசதியுள்ள இணையப் பக்கம் ஒன்று செய்து தா.”

இரண்டு நிமிடத்தில் பக்கம் வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஊதா நிறத்தில் தொடங்கி நீலமாக மங்கும் பின்னணி, அதன் மேல் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் ஓலைக் குடில்கள். எங்கள் கரையில் அப்படி ஒரு குடில் கிடையாது. அது மாலைதீவாக இருக்கவேண்டும். கீழே ‘500க்கும் மேற்பட்ட மகிழ்ச்சியான பயணிகள்’, ‘4.9 நட்சத்திரம்’. அதற்குக் கீழே சாரா என்ற ஒரு வெள்ளைக்காரப் பெண், மாமாவுடன் கழித்த நாள் தன் வாழ்நாளின் இனிய நாள் என்று சொல்லியிருந்தாள். விலை டொலரில்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். பிறகு, “யார் பிள்ளை இந்தப் பொம்பிளை?” என்று கேட்டார். மாமி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை.

அந்த ஊதா நிறத்துக்குப் பின்னால் ஒரு கதை இருப்பது பிறகுதான் தெரிந்தது. இந்தக் கருவிகள் பெரும்பாலும் டெயில்விண்ட் என்ற தொகுதியை வைத்துத்தான் பக்கங்களை அலங்கரிக்கின்றன. டெயில்விண்டின் மாதிரிப் பக்கங்களில் பொத்தான்களுக்கெல்லாம் இண்டிகோ நிறம் கொடுத்ததற்காக, அதை உருவாக்கிய ஆடம் வேதனே 2025இல் வேடிக்கையாக மன்னிப்புக் கேட்டார். அந்த மாதிரிகளைப் பார்த்து இணையத்தில் ஆயிரம் பேர் செய்தார்கள், அதையெல்லாம் படித்து வளர்ந்த ஏஐ ஊதாதான் அழகு என்று நம்பிக்கொண்டிருக்கிறது. ‘நவீனமாக’ என்று நான் எழுதியதற்கு அதன் அகராதியில் அர்த்தம் இதுதான்.

அன்று இரவு ‘இன்னும் அழகாக்கு’, ‘இன்னும் கொஞ்சம் கடல் மாதிரி’, ‘இல்லை, பழையபடி ஆக்கு’ என்று எழுதி எழுதியே அன்றைய இலவசக் கிரெடிட் முழுவதையும் கரைத்தேன். ஓடிவந்து பக்கத்தில் ஒரு கிளி உட்கார்ந்துகொண்டது. திருகோணமலைக்கு ஒரு மிருகம் வைக்கத்தான் வேண்டுமென்றால் கோட்டைக்குள்ளும் ரவுனுக்குள்ளும் பஸ்ஸுக்கு வழிவிடாமல் நிற்கும் மானை வைத்திருக்கலாம். அதற்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லையே.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபடத் தொடங்கியது. நாம் சொல்லாமல் விட்ட இடத்தை அந்தக் கருவி வெறுமையாக விடாது. வேறு யாருடையதோ ஒரு வாழ்க்கையால் அதை நிரப்பிவிடும். விலை சொல்லவில்லையா, டொலர். ஆட்கள் யார் என்று சொல்லவில்லையா, சாரா. அதனால் புரொம்ப்ட் எழுதுவது என்றால், நமக்குத் தெரியும் என்பதே நமக்குத் தெரியாத விஷயங்களைத் தோண்டி எடுப்பது. ஃபேஸ்புக்கில் சுற்றுகிற ‘நீ 20 வருட அனுபவமுள்ள நிபுணன்’ என்று தொடங்கும் மாதிரி வசனங்களையும் போட்டுப் பார்த்தேன். கிளி போகவில்லை.

மாமிதான் வழியைத் திறந்துவிட்டார். “அது சரி, கடல் ஏலாட்டி யார் அந்தச் சனத்துக்குச் சொல்றது?” என்று கேட்டார். அழகான பக்கத்தில் அதற்கு இடமே இல்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் நான் மடிக்கணினியைத் தொடவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு மாமாவின் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தைக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே போனேன். ‘6+2 கண்டி வான்’ என்றால் பெரியவர் ஆறு, பிள்ளைகள் இரண்டு, அவர்கள் வானில் வருகிறார்கள், ஆகவே பிந்தித்தான் வருவார்கள். பெயரைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தால் முற்பணம் வந்துவிட்டது. அடிக்கோடு இருந்தால் முதல்நாள் இரவு எடுத்துக் கேட்கவேண்டும், அந்த ஆளில் மாமாவுக்கு நம்பிக்கை இல்லை. ஒரு போட்டுக்கு எட்டுப் பேர். அப்படியென்றால் கைப்பிள்ளை ஒரு ஆளா? “மடியில இருந்தாலும் லைஃப் ஜக்கெட் வேணுமே. சின்ன ஜக்கெட் எங்களிட்ட நாலுதான்” என்றார் மாமா. எட்டு என்ற எண்ணுக்குள் நாலு என்ற இன்னொரு எண் ஒளிந்திருந்தது. நான் கேட்டிருக்காவிட்டால் அது ஒருநாளும் வெளியே வந்திராது. மாமாவைப் பொறுத்தவரை அது சொல்லவேண்டிய விஷயமே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. சில பெயர்களின் மேல் ஒரு வெட்டு இருந்தது, ‘வரவில்லை’ என்று நினைத்தேன். மாமா தலையை ஆட்டினார். மேலிருந்து கீழே சரியும் வெட்டு என்றால் ஆட்கள் வரவில்லை, முற்பணம் எங்களுக்கு. கீழிருந்து மேலே போகும் வெட்டு என்றால் கடல் விடவில்லை. காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அல்லது அடுத்த நாள் ஏற்றவேண்டும். நான் பார்த்த எல்லா ஆப்களிலும் ‘இரத்து’ என்று ஒரே ஒரு நிலைதான். மாமாவின் கொப்பியில் அது இரண்டு. அந்த இரண்டும் ஒன்றானால் கண்டியில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கும் மாமாவுக்கும் கரையில் வைத்துச் சண்டை வரும்.

மூன்று மணிநேரம் போயிருக்கும். இடையில் பிளேன்ரீ வந்தது, இரண்டு புக்கிங் வந்தது. இருட்டியபோது என்னிடம் நாலு பக்கத்துக்கு எழுத்து இருந்தது, ஒரு வரி கோட் இல்லை.

சரி, இனி அந்த நாலு பக்கத்தைக் கருவிக்குக் கொடுக்கும் முறை. இரண்டாவது தடவை நான் முதலில் எழுதியது இது: “இப்போது எதையும் கட்டாதே. கீழே உள்ளதை வாசி. விளங்காததை, முரண்படுவதை, நான் சொல்ல மறந்ததை என்னிடம் கேள்வியாகக் கேள். நான் ‘கட்டு’ என்று சொல்லும்வரை கோட் எழுதாதே.” இப்படிக் கட்டாமல் கதைப்பதற்கென்றே பல கருவிகளில் தனி முறை உண்டு, இல்லாவிட்டாலும் வசனத்தில் சொன்னால் கேட்கிறது.

அது பதினொரு கேள்வி கேட்டது. அதில் மூன்று உண்மையிலேயே நல்ல கேள்விகள். ஒரு குழுவில் பத்துப் பேர் வந்தால் இரண்டு போட்டுக்கும் பிரிக்கலாமா? (பிரிக்கலாம், ஆனால் தாயையும் பிள்ளையையும் பிரிக்கக்கூடாது.) தீவுக்கான நுழைவு டிக்கெட் விலையில் அடங்குமா? (அடங்காது. புறாத் தீவு 2003இல் தேசியப் பூங்கா ஆகியது; அந்த டிக்கெட் வனசீவராசிகள் திணைக்களத்துடையது, போட்டுக் கூலி வேறு. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு வேறொன்று.) ஒரே நேரத்தில் இரண்டு பேர் கடைசி மூன்று இடத்தைக் கேட்டால் யாருக்கு? இதற்கு மாமா சொன்ன பதில்: “நான் போனை வைக்க முதல் கொப்பியில எழுதிருவன்.” அதை அப்படியே கருவியின் பாஷைக்குக் கொண்டுபோக எனக்கு ஒரு நாள் எடுத்தது. இடம் மிச்சம் இருக்கிறதா என்பதைத் திரையில் காட்டும்போது பார்த்தால் போதாது. பதியும் அந்தக் கணத்தில், பதிவுகள் எல்லாம் சேமிக்கப்படும் தரவுத்தளத்திலேயே இன்னொரு தடவை பார்க்கவேண்டும், பார்ப்பதும் பதிவதும் பிரிக்கமுடியாத ஒரே வேலையாக நடக்கவேண்டும்.

எட்டாவது கேள்வியைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். “பயணிகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கையை எந்த இடத்தில் காட்டவேண்டும்?”

நான் எழுதியிருந்தது: ‘கச்சான் கடுமையாக இருந்தால் பின்னேரப் பயணம் இல்லை.’ கடற்கரையில் வளர்ந்த எவருக்கும் இதில் குழப்பம் வராது. வைகாசிக்குப் பிறகு மேற்கில் இருந்து சுட்டெரித்துக்கொண்டு வரும் காற்றுக்குக் கச்சான் என்றுதான் பெயர். அது பலக்க அடிக்கும்போது தீவுக்குப் போவது சுகம். திரும்பி வரும்போது காற்றுக்கு முகம் கொடுத்து வரவேண்டும், ஏறியவர்கள் தலையோடு கால் நனைவார்கள். ஆனால் கோயில் திருவிழாவில் சுருளில் கட்டி விற்பதும் கச்சான்தான். கருவி எங்கள் ஊர்த் தமிழைப் படித்திருக்கிறது, கடலை மட்டும் பார்க்கவில்லை. கேள்வி கேட்கச் சொல்லாமல் நேரே கட்டச் சொல்லியிருந்தால் பக்கத்தின் மூலையில் ஒரு கச்சான் கொட்டைப் படம் வந்து உட்கார்ந்திருக்கும், மாமா அதையும் கண்ணாடி போட்டுப் பார்த்திருப்பார்.

அன்றே ஒரு சொல்லடைவு எழுதினேன். பல கருவிகளில் ‘எப்போதும் நினைவில் வை’ என்று விதிகளைப் போட்டுவைக்க ஓரிடம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதை வாசித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அதில் முதல் வரி: ‘கச்சான் என்றால் காற்று.’ இரண்டாவது: ‘போட்டு என்றால் படகு.’ அப்புறம், ‘கடல் விடவில்லை’ என்பதும் ‘ஆள் வரவில்லை’ என்பதும் வேறுவேறு நிலை, ஒருபோதும் ஒன்றாக்காதே. வாடிக்கையாளர் கருத்து, நட்சத்திரம், எண்ணிக்கை எதையும் நீயாக எழுதாதே. நான் தராத தகவல் வரவேண்டிய இடத்தில் ‘இங்கே தகவல் வேண்டும்’ என்று காட்டு. சாராவை அந்தக் கடைசி வரி அனுப்பிவைத்தது.

கட்டச் சொன்னபோது எழுதிய புரொம்ப்டை முழுவதும் இங்கே தரப்போவதில்லை, நீளம். அதன் நடுப்பகுதி மட்டும் இது:

“இதைப் பாவிப்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் போட்டுக்காரர்: வயது அறுபதைத் தாண்டியவர், பழைய அன்ட்ரொய்ட் போன், வெயிலில் நின்று ஈரக் கையோடு பார்ப்பார், கரையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அவருக்கு ஒரே ஒரு திரை: இன்றும் நாளையும். ஒவ்வொரு பயணத்துக்கும் நேரம், போட்டு, ஏறுவோர் எண்ணிக்கை, சின்ன ஜக்கெட் எத்தனை மிச்சம். எழுத்து பெரிதாக, கருப்பில் வெள்ளை வேண்டாம், வெள்ளையில் கருப்பு. அவர் தட்டவேண்டிய பொத்தான் மூன்று மட்டும்: வந்தாச்சு, ஆள் வரவில்லை, கடல் விடவில்லை. தட்டியதும் ‘நிச்சயமா?’ என்று ஒரு தடவை கேள். சிக்னல் இல்லாதபோது தட்டினால் தொலைத்துவிடாதே; வைத்திருந்து பிறகு அனுப்பு, அனுப்பவில்லை என்பதைத் தெரியக் காட்டு. மற்றவர் பயணி: பெயர், தொலைபேசி இலக்கம், எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், எந்த நாள். கணக்குத் திறக்கச் சொல்லாதே. அன்றைய இடம் முடிந்திருந்தால் வெறும் ‘இல்லை’ என்று நிறுத்தாமல் அடுத்து இடமுள்ள பயணத்தைக் காட்டு.”

இதோடு கொப்பியின் இரண்டு பக்கத்தை அட்டவணையாக்கி, பெயர்களையும் இலக்கங்களையும் மாற்றிக் கொடுத்தேன். என்னைக் கேட்டால், புரொம்ப்டில் ஆகப் பெறுமதியான பகுதி அந்த அட்டவணைதான். எவ்வளவு விளக்கி எழுதினாலும், ‘6+2’ என்று உண்மையில் வந்த ஒரு வரி சொல்வதைச் சொல்ல முடியாது. நிறத்துக்குக்கூட வர்ணிப்பை விட்டுவிட்டு, மாமாவின் போட்டைப் படமெடுத்துப் போட்டு ‘இதில் உள்ள நிறங்கள்’ என்றேன். ஊதா ஒழிந்தது.

புரொம்ப்டைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்று கேட்பவர்கள் உண்டு. நான் கலந்துதான் எழுதினேன். வேலையின் விதிகளைத் தமிழில் எழுதினால் எனக்குத் தப்பு வராது, அதற்கும் நன்றாகவே விளங்குகிறது. திரையின் உறுப்புகளை ஆங்கிலப் பெயரில் சொன்னால் சுருக்கம். ஆனால் திரையில் வரப்போகும் தமிழை மட்டும் கருவியிடம் விடக்கூடாது. அது ‘அலைபேசி எண்’, ‘தேதி’, ‘ரத்து செய்க’ என்று எழுதியது. நாங்கள் தொலைபேசி இலக்கம், திகதி, இரத்து என்போம். ரூபாவுக்குப் பக்கத்தில் இந்தியக் குறியைப் போட்டது. குறியை விட்டால், சொற்கள் பிழையில்லை, வேறு ஊர்த் தமிழ். திரையில் வரும் ஒவ்வொரு சொல்லையும் மூன்று நிரல் அட்டவணையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். சிங்களத்தை அலுவலகத்தில் ஒரு அக்கா பார்த்துத் திருத்தினார். எழுத்துக்கிடையே இடைவெளி போடும் அலங்காரத்தையும் தடுத்தேன். ஆங்கிலத் தலைப்புக்கு அது அழகு, தமிழில் சொல் சிதறித் தெரியும். பொத்தான்களில் எழுத்து வெளியே வழிந்தது. ‘தமிழ்ச் சொல் நீளம், பொத்தான் இரண்டு வரிக்கு இடம் கொடுக்கட்டும்’ என்ற ஒரு வரியில் அது சரியானது.

ஒரு கிழமை கொப்பியும் ஆப்பும் பக்கத்துப் பக்கமாக ஓடின. நல்லவேளை. மூன்றாம் நாள் மாமா எடுத்தார்: “பிள்ளை, குருநாகல் ஆக்கள் நாளைக்கெல்லோ? இது இண்டைக்கு எண்டு காட்டுது.” கொப்பியில் 12, ஆப்பில் 11. இன்னொன்றைப் பார்த்தேன், அதுவும் ஒரு நாள் முந்தி. ஆனால் நான் மாமாவின் திரையில் இருந்து பதிந்தவை எல்லாம் சரி.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பயணி 12ஆம் திகதியைத் தட்டும்போது, ஆப் அதை ‘12ஆம் திகதி நள்ளிரவு’ என்று எடுத்துக்கொள்கிறது. சேமிக்கும்போது அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றுகிறது. இலங்கை ஐந்தரை மணிநேரம் முன்னால் நிற்பதால் அது 11ஆம் திகதி மாலை 6.30 ஆகிவிடுகிறது. பிறகு நேரத்தை வெட்டி எறிந்துவிட்டுத் திகதியை மட்டும் வைத்துக்கொள்கிறது. லண்டனில் குளிர்காலத்தில் இருந்து பார்ப்பவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

முதலில் நான் எழுதியது ‘திகதி பிழையாக வருகிறது, சரிசெய்’. அது காட்டும் இடத்தில் ஒரு நாளைக் கூட்டிவிட்டது. இப்போது பயணியின் பக்கத்தில் சரி, மாமாவின் பக்கத்தில் நான் பதிந்தவை ஒரு நாள் பிந்தி. மறுபடி சொன்னேன். இன்னோர் இடத்தில் ஒரு நாளைக் கழித்தது. மூன்றாம் தடவை ‘முழுமையாகச் சரிசெய்துவிட்டேன்’ என்று அடித்துச் சொன்னது, நாட்காட்டி திறக்கவே இல்லை. நோயைக் கேட்காமல் மாத்திரை கொடுக்கிறது என்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால், நோயைச் சொல்லாதது நான்தான்.

அன்று பழைய நல்ல வடிவத்துக்குத் திரும்பிப் போனேன். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட பிறகு அதன் மேல் திருத்துவதைவிட, திரும்பிப் போவது எப்போதும் மலிவு. அப்புறம் இப்படி எழுதினேன்: “பயணி பக்கத்தில் ஓகஸ்ட் 12ஐத் தெரிவு செய்து பதிந்தேன். போட்டுக்காரர் திரையில் ஓகஸ்ட் 11 என்று வந்தது. போட்டுக்காரர் திரையில் இருந்தே 12 என்று பதிந்தால் சரியாக வருகிறது. இப்போது எதையும் மாற்றாதே. இந்த இரண்டு வழியும் திகதியை எப்படிச் சேமிக்கின்றன என்று பார்த்து, வித்தியாசம் எங்கே என்று மட்டும் சொல்.” ஒரே பதிலில் இடத்தைக் காட்டியது. “பயண நாள் என்பது நேரமில்லாத வெறும் திகதி. எங்கும் நேரமாக மாற்றாதே. ‘இன்று’ எது என்பதைக் கொழும்பு நேரப்படி முடிவு செய். இதைத் தவிர வேறெதையும் தொடாதே” என்றேன். முடிந்தது. நான் என்ன செய்தேன், என்ன வரவேண்டும், என்ன வந்தது: மூன்றையும் எழுதாமல் இப்போது ஒரு பிழையையும் அனுப்புவதில்லை.

‘வேறெதையும் தொடாதே’ என்பதை ஏதோ மந்திரம் போலச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். பொத்தானின் நிறத்தை மாற்றச் சொன்ன ஒரு நாள், வட்ஸ்அப் இணைப்பையும் ‘திருத்தி’ வைத்தது. அந்த இணைப்பில் இலக்கம் முன்னால் உள்ள பூச்சியம் இல்லாமல், கூட்டல் குறியும் இல்லாமல் 94இல் தொடங்கவேண்டும். அது பூச்சியத்தை மறுபடி கொண்டுவந்து ஒட்டியிருந்தது. இரண்டு நாள் ஒருவரும் வட்ஸ்அப்பில் வரவில்லை, மாமா சீசன் டல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, இதைச் சொல்ல எனக்கே வெட்கம். எல்லாம் சரி என்று நினைத்த பிறகு, தம்பியின் போனில் கடவுச்சொல் இல்லாமல் பக்கத்தைத் திறந்து, முகவரியின் கடைசியில் மாமாவின் திரைக்குரிய சொல்லை அடித்துப் பார்த்தேன். சும்மாதான். பயணிகளின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வரிசையாக வந்து நின்றன. பொத்தானை மறைத்திருந்ததே தவிரக் கதவைப் பூட்டவில்லை. இதற்கான பூட்டு திரையில் இருந்தால் போதாது, தரவுத்தளத்தில் ஒவ்வொரு வரிக்கும் இருக்கவேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இதற்கு ரோ லெவல் செக்கியூரிட்டி என்று பெயர். ‘பாதுகாப்பாக இருக்கிறதா?’ என்று கேட்டால் அது ‘ஆம்’ என்றுதான் சொல்லும். “உள்ளே வராத ஒருவர் புக்கிங் போடலாம், ஆனால் ஒரு புக்கிங்கையும் வாசிக்க முடியாது. போட்டுக்காரர் மட்டும் எல்லாவற்றையும் வாசிக்கலாம். இந்த விதியைத் தரவுத்தளத்தில் வை. அதை உடைத்துப் பார்க்க நான் என்னென்ன செய்யவேண்டும் என்று சொல்” என்று எழுதினேன். சொன்னதை எல்லாம் தம்பியின் போனில் செய்து பார்த்த பிறகுதான் அன்றிரவு படுத்தேன்.

இணையத்தில் காசு வாங்கும் வேலையைத் தொடவே இல்லை. முற்பணம் முன்பு போலவே வங்கிக்கு வருகிறது, மாமா வட்டத்தைத் தட்டுகிறார். கடல் நிலையை இணையத்தில் இருந்து தானாக எடுத்துக் காட்டவா என்று கருவி ஆசையோடு கேட்டது. வேண்டாம் என்றேன். விடியற்காலை ஐந்து மணிக்கு மாமா கரைக்குப் போய் நின்று பார்ப்பார். அவர் பார்த்துவிட்டுத் தட்டுவதற்கு ஒரு பொத்தான் போதும். அதைத் தட்டினால் அன்றைய ஆட்கள் எல்லாருக்கும் அனுப்பவேண்டிய செய்தி அவரவர் மொழியில் தயாராக வந்து நிற்கும், அவர் ஒவ்வொன்றாக அனுப்புவார். மாமியின் கேள்விக்கு இதுதான் பதில்.

இந்த சீசன் தொடங்கி இரண்டாவது கிழமை மாமா ஒரு குரல் செய்தி அனுப்பினார். பின்னால் எஞ்சின் சத்தம்.

“பிள்ளை, மத்தியானம் பன்ரெண்டு மணிக்கு அந்தப் பின்னேரப் பயணம் மஞ்சளா வரட்டும். கச்சான் எப்பிடி எண்டு பார்த்திட்டு நான் தட்டினா பச்சை. நான் தட்டாட்டி ரெண்டு மணிக்குத் தன்பாட்டில மூடட்டும், ஆனா மூடினது எண்டு எனக்குச் சத்தம் போட்டுச் சொல்லோணும். பச்சையான பிறகு வந்த ஆக்களை அது கலைக்கக்கூடாது. காலமைப் பயணத்தில கை வைக்க வேண்டாம் எண்டு சொல்லு அதுக்கு.”

இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். பிறகு அதை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே எழுதி அனுப்பினேன். கச்சானைப் பற்றி அது ஒன்றும் கேட்கவில்லை.